போர் நேரத்தில் நம் உரிமைகளை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்? வேலூர் பக்கத்து நண்பர்கள் சொல்லுங்கள்

பாலாற்று மணல்:
2025 மே மாதம், பாகிஸ்தானோடு ஆபரேஷன் சிந்தூர் நடந்த அந்த நான்கு நாளில் எங்கள் தெரு வாட்சாப் குழுவில் நடந்ததை வைத்து ஒரு கேள்வி. ஊர் கணியம்பாடிப் பக்கம். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்தார் என்று சொல்ல முடியாது, ஆனாலும் எங்கள் தெருவிலும் கணிசமாக உண்டு. ஏழாம் தேதி ராத்திரி ஒரு அக்கா, வீட்டுக்காரரின் யூனிட் ரயில் ஏறிவிட்டது என்று ஸ்டேஷன் பெயரோடு போட்டுவிட்டார். பயத்தில் போட்டது, வேறொன்றுமில்லை. அட்மின் உடனே அதை அழித்தார், அக்காவையும் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். மறுநாள் இன்னொருவர், "இந்தச் சண்டை எங்கே போய் முடியும், பேசித் தீர்க்கக் கூடாதா" என்று ஒரு வரி எழுதினார். அவரையும் எடுத்துவிட்டார்.

முதலாவது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டாவது படவில்லை. ஒரு தெருக் குழுவில் நடந்தது பெரிய விஷயமில்லை. ஆனால் இதையே அரசு செய்தால்? அந்த வாரத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கச் சொல்லி உத்தரவு வந்ததாக எக்ஸ் தளமே சொன்னது. அதில் எத்தனை முதல் வகை, எத்தனை இரண்டாவது வகை? கோட்டை எங்கே போடுவது?

முள்ளு கத்திரி:
கோட்டையா? நம்ம ஊரில் ஏற்கெனவே ஒன்று அகழியோடு இருக்கிறதே.

ஓய்வு சுபேதார்:
அந்த அட்மின் நான்தான். தம்பி என் பெயரைப் போடாமல் எழுதியதற்கு நன்றி.

எங்கள் காலத்தில் வீட்டுக்கு இன்லேண்ட் லெட்டர் எழுதுவோம். அனுப்புநர் முகவரியில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கடைசியில் "56 ஏ.பி.ஓ." அவ்வளவுதான். காஷ்மீரில் இருக்கிறேனா, அஸ்ஸாமில் இருக்கிறேனா என்று கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் என் அம்மாவுக்கே தெரியாது. பனி பெய்கிறது என்று எழுதினால்கூட அதிகாரி கூப்பிட்டுக் கேட்பார். அதை யாரும் அடக்குமுறை என்று நினைத்ததில்லை. ஒரு யூனிட் எந்த ஸ்டேஷனிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று தெரிந்தால் எங்கே, எப்போது இறங்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்தப் பெண்ணின் வீட்டுக்காரருக்காகத்தான் அதை அழித்தேன்.

சிப்பாய்க்குப் பேச்சுரிமை, சங்க உரிமை எல்லாம் குறைவு. அரசியல் சட்டம் 33ஆம் பிரிவிலேயே அதற்கு இடம் இருக்கிறது. அவன் வருஷம் முழுக்க விட்டுக்கொடுக்கிறான். ஊரில் இருப்பவர் நாலு நாள் விட்டுக்கொடுக்கக் கூடாதா?

இரண்டாவது ஆளைப் பற்றி: பிள்ளைகள் எல்லையில் நிற்கும்போது ராத்திரி முழுக்கத் தூங்காத தாய்மார் இருக்கும் குழு அது. அங்கே அந்தப் பேச்சு வேண்டாம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அரக்கோணம் லோக்கல்:
சுபேதார் சார், ஒரு சந்தேகம். எங்கள் தலைக்கு மேலேயே ராஜாளி கடற்படைத் தளத்து விமானங்கள் பறக்கின்றன. 1992இல் தளம் தொடங்கியதிலிருந்து ஊரில் சின்னப் பிள்ளைக்கும் சத்தத்தை வைத்தே எது என்று தெரியும். கூகுள் மேப்பில் ஓடுபாதை பளிச்சென்று தெரிகிறது. மே மாதம் ஒரு பையன் மாடியிலிருந்து வீடியோ எடுத்தான் என்று தெருவே அவனைப் பிடித்துத் திட்டியது. உலகத்துக்கே தெரிந்ததை மறைத்து என்ன பயன்?

ஓய்வு சுபேதார்:
நல்ல கேள்வி தம்பி. தளம் இருப்பது ரகசியம் இல்லை. இன்றைக்கு ராத்திரி எத்தனை விமானம் எழுந்தது, எந்தத் திசையில் போனது, எத்தனை திரும்பி வந்தது, அதுதான் ரகசியம். சாதாரண நாளில் உன் வீடியோ வெறும் வீடியோ. போர் நாளில் அதில் இருக்கும் மணிக்கணக்குதான் எதிரிக்கு வேண்டியது. எடுத்து ஆறு மாதம் கழித்துப் போட்டுக்கொள், யாரும் கேட்க மாட்டார்கள்.

2008இல் மும்பைத் தாக்குதலின்போது என்ன நடந்தது? கமாண்டோக்கள் கயிற்றில் இறங்குவதை டிவியில் நேரலையாகக் காட்டினார்கள். உள்ளே இருந்த தீவிரவாதிகளுக்கு வெளியிலிருந்து போனில் வழி சொன்னவர்கள் அதே டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கசாப் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே ஊடகங்களைக் கடுமையாகக் கண்டித்தது.

சத்துவாச்சாரி வக்கீல்:
அதே காரணத்துக்காகத்தான் 2025 ஏப்ரல் 26ஆம் தேதி செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் படை நடமாட்டத்தை நேரலையாகக் காட்டாதீர்கள் என்று அறிவுரை கொடுத்தது. அதில் எனக்குப் பிணக்கில்லை. இடம், நேரம், எண்ணிக்கை மூன்றையும் போர் முடியும் வரை வெளியே சொல்லாதே என்பதை எந்த நீதிமன்றமும் தப்பு என்று சொல்லாது.

ஆனால் அதிகாரத்தை அதற்காகக் கேட்டு வாங்குகிறார்கள், அப்புறம் வேறெதற்கோ பயன்படுத்துகிறார்கள். சுபேதார் சார் தன் குழுவில் ஒருவரை எடுத்தார். அவர் இன்னொரு குழு ஆரம்பித்துப் பேசலாம். அரசு எடுத்தால் அவர் எங்கே போவார்?

தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். சீனப் போருக்காக 1962 அக்டோபர் 26இல் அவசரநிலை. நவம்பர் 21இல் சீனா தானாகவே சண்டையை நிறுத்திவிட்டது. அவசரநிலை எப்போது விலகியது? 1968 ஜனவரி 10. அடுத்தது 1971 டிசம்பர் 3. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது டிசம்பர் 16. பதின்மூன்று நாள் போர். அந்த அவசரநிலை 1977 மார்ச் வரை இருந்தது. பலருக்கு இது தெரியாது. 1975 ஜூனில் இந்திரா காந்தி உள்நாட்டு அவசரநிலை அறிவித்தபோது, போருக்காகப் போட்டது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றின் மேல் இன்னொன்று.

குடியாத்தம் தறி:
வக்கீல் தம்பி டெல்லிக் கணக்குச் சொன்னார். நான் நம்ம தொரப்பாடி ஜெயில் (வேலூர் மத்திய சிறை) கணக்குச் சொல்கிறேன்.

1940 டிசம்பரில் காமராஜர் வார்தாவுக்குப் போகிற வழியில் குண்டூரில் கைது. போர் நிதிக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று பேசியதற்காக, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ். கொண்டுவந்து வைத்தது வேலூர் மத்திய சிறையில். உள்ளே இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராக மக்கள் தேர்ந்தெடுத்தார்கள், வெளியே வந்து அந்தப் பதவியை வேண்டாம் என்றுவிட்டார். (அதே மனிதரைத்தான் 1954இல் முதலமைச்சராக எங்கள் குடியாத்தம் தேர்ந்தெடுத்து அனுப்பியது. எங்கள் தி.மு.க.வும் ஆதரவு. சும்மா சொல்லி வைக்கிறேன்.) அதே போர்க் காலத்தில் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனும் இதே சிறையில். அவர் சுவரில் துளை போட்டுத் தப்பியே போய்விட்டார்.

1962இல் அண்ணா. விலைவாசி உயர்வை எதிர்த்து மறியல், வேலூர்ச் சிறை. அவர் வெளியே வந்த கொஞ்ச நாளில் சீனா நுழைந்தது. போராட்டத்தை நிறுத்தி, நிதி திரட்டி, அரசுக்கு முழு ஆதரவு என்றார். யாரும் மிரட்டிச் செய்ய வைக்கவில்லை. இதை சுபேதார் ஐயா கவனிக்க வேண்டும். விலைவாசிக்காகச் சிறைக்குப் போனவர் நாட்டுக்கு ஆபத்து என்றதும் தானாகவே நின்றார்.

அதற்கு என்ன கைம்மாறு? சீனனுக்காகக் கொண்டுவந்த பாதுகாப்புச் சட்டத்தில் 1965இல் கலைஞரைப் பிடித்துப் பாளையங்கோட்டையில் தனியாக அடைத்தார்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சீனா எங்கே வந்தது?

2002இல் வைகோ. திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காகப் பொடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்), பத்தொன்பது மாதம் வேலூரில். நாடாளுமன்றத் தாக்குதலைக் காட்டிக் கொண்டுவந்த சட்டம் அது.

முள்ளு கத்திரி:
ஆக, பெரிய தலைவர் ஆக வேண்டும் என்றால் தொரப்பாடியில் ஒரு ரவுண்டு போக வேண்டும்.

ஓய்வு சுபேதார்:
குடியாத்தம் அண்ணன் சொன்னதில் அண்ணா விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாரும் அண்ணா இல்லையே. தானாக நிற்காதவனை என்ன செய்வது?

இன்னொன்று. நம் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பழம் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று படியுங்கள். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இருக்கும். சிறைக்குப் போனவர் கணக்கை வைத்திருக்கும் ஊர், அந்தக் கணக்கையும் வைத்திருக்கிறது.

ஆரணிப் பட்டு:
ஐயா, அந்த 277 பேர் யாருக்காகப் போனார்கள், திரும்பி வந்தவர்களுக்கு 1919இல் என்ன கிடைத்தது? ரௌலட் சட்டம். போர்க்காலச் சிறப்பு அதிகாரம் காலாவதியாகப் போகிறதே என்று, விசாரணையில்லாமல் அடைக்கும் அதிகாரத்தை அமைதிக் காலத்துக்கும் நீட்டிக்கப் பார்த்தார்கள். அதை எதிர்த்துக் கூடியவர்கள் மேல்தான் ஜாலியன்வாலா பாக்கில் சுட்டார்கள். பள்ளியில் இந்தப் பாடம் நடத்தும்போது பிள்ளைகள் சுடச் சொன்ன ஜெனரல் டயரைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், சட்டம் எதற்காக வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

1806 வேலூர் சிப்பாய்க் கலகத்தையும் சொல்ல வேண்டும். தலைப்பாகை மாற்று, தாடியை எடு, நெற்றியில் குறி வேண்டாம் என்று ஒழுங்கின் பேரில் போட்ட உத்தரவுதான் கோட்டைக்குள்...

மட்டுறுத்துநர்:
1806க்குத் தனி இழை இருக்கிறது. ஏற்கெனவே பல பக்கம் ஓடிவிட்டது. இங்கே வேண்டாம்.

வாணியம்பாடி தோல்மண்டி:
நேரடியாகப் பேசுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் எல்லாரும் "நாம் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்" என்று கேட்கிறீர்கள். அந்த "நாம்" எல்லார் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. மே மாதம் சென்னைக்கு வேலையாகப் போயிருந்தபோது லாட்ஜ் கவுன்ட்டரில் எனக்கு முன்னால் நின்றவரிடம் ஆதார் வாங்கி ஜெராக்ஸ் எடுத்து சாவி கொடுத்தார்கள். என்னிடம் ஆதார் வாங்கிப் பார்த்துவிட்டு, எங்கிருந்து, எதற்கு, யாரைப் பார்க்க, எத்தனை நாள் என்று வரிசையாகக் கேட்டு, ஒரு நோட்டில் தனியாக எழுதிக்கொண்டார்கள். சட்டம் ஒன்றும் அப்படிச் சொல்லவில்லை. காற்றில் அப்படி ஒரு பயம். என் பெரியப்பா மகனும் பட்டாளத்தில்தான் இருக்கிறான்.

1962இல் இந்தியாவில் பிறந்து வளர்ந்த சீன வம்சாவளிக்காரர்கள் சுமார் மூவாயிரம் பேரை ராஜஸ்தான் தேவ்லி முகாமுக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். கல்கத்தாவில் தோல் பதனிட்டவர்கள் அந்தச் சமூகத்தினர், அதனால் எங்கள் தொழிலில் பழைய ஆட்களுக்கு இந்தக் கதை தெரியும். சில குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் உள்ளே. ஒருவர் மேலும் உளவு வேலை நிரூபணம் ஆகவில்லை. அமெரிக்கா ஜப்பானிய வம்சாவளியினரை முகாமில் அடைத்ததற்கு 1988இல் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு இருபதாயிரம் டாலர் கொடுத்தது. தேவ்லிக்காரர்கள் இன்னும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறார்கள்.

குடியாத்தம் தறி:
பாய், இதைச் சொன்னதற்கு நன்றி. எங்களுக்குத் தெரியாமலே இருந்தது.

ஓய்வு சுபேதார்:
பாய், லாட்ஜில் நடந்தது அசிங்கம். என் யூனிட்டில் உங்கள் பக்கத்துப் பையன்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு வாதத்துக்குக் கேட்கிறேன். ஆள் யார் என்றே பார்க்காமல் இருக்க முடியுமா? நம்ம கோட்டைக்குள்ளேயே திப்பு மஹாலில் சிறப்பு முகாம் வைத்து ஈழத்து இயக்கப் பையன்களை அடைத்திருந்தார்கள். 1995இல் சுரங்கம் தோண்டி 43 பேர் தப்பினார்கள். அவர்களைச் சும்மா விட்டிருக்க வேண்டுமா?

சத்துவாச்சாரி வக்கீல்:
சார், அவர்கள் மேல் வழக்கு இருந்தால் வழக்கை நடத்தி ஜெயிலில் போட்டிருக்கலாம். சிறப்பு முகாம் என்பது ஜெயிலே கிடையாது. அப்போதிருந்த 1946ஆம் ஆண்டு அயல்நாட்டார் சட்டத்தின்படி "இந்த இடத்தில் தங்கு" என்று ஒரு உத்தரவு, அவ்வளவுதான். தண்டனை இல்லை, அதனால் முடிவு தேதியும் இல்லை. ஜாமீன் கிடைத்தவரைக்கூட ஜெயில் வாசலில் இருந்து முகாமுக்குக் கொண்டுபோன கதைகள் உண்டு. தண்டனைக் கைதிக்கு விடுதலை நாள் தெரியும். இவர்களுக்குத் தெரியாது.

அப்புறம் "ஆள் யார் என்று பார்ப்பது" பற்றி. 1965இல் சோசலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியாவைப் பாதுகாப்பு விதிகளில் பாட்னாவில் பிடித்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹிதயதுல்லா சொன்ன விளக்கத்தை இன்றைக்கும் நாங்கள் கோர்ட்டில் படிக்கிறோம். மூன்று வட்டம். பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு. அதற்குள் பொது அமைதி. அதற்கும் உள்ளே, ரொம்பச் சின்ன வட்டம், நாட்டின் பாதுகாப்பு. பெரிய வட்டத்தில் நடப்பதெல்லாம் சின்ன வட்டத்தைத் தொடாது. மாஜிஸ்திரேட் உத்தரவில் "சட்டம் ஒழுங்கு" என்று எழுதியிருந்தார். அந்த விதியில் இருந்தது "பொது அமைதி". விடுதலை. பாகிஸ்தானோடு சண்டை நடந்துகொண்டிருந்த செப்டம்பரில் வந்த தீர்ப்பு அது. போர் நேரத்திலும் நீதிமன்றம் வேலை செய்ய முடியும்.

அதே சமயத்தில் பிரபாகர் சன்ஸ்கிரி என்பவர் பம்பாய்ச் சிறையில் அணுவைப் பற்றி மராத்தியில் ஒரு புத்தகம் எழுதினார். வெளியே அனுப்பக் கூடாது என்றது அரசு. அது வெறும் அறிவியல் புத்தகம், தடுக்க விதியில் இடமில்லை என்று அனுப்பச் சொன்னது கோர்ட்.

இவ்வளவும் சொல்லிவிட்டு 1976ஐச் சொல்லாமல் விட்டால் நான் வக்கீல் இல்லை. அவசரநிலையில் மிசாவில் (உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம்) பிடிபட்டவர் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அதற்கு அவர் கொடுத்த விலை, தலைமை நீதிபதி பதவி. தீர்ப்பு தப்பு என்று நீதிமன்றம் வெளிப்படையாகச் சொல்ல 2017 வரை ஆனது.

அரக்கோணம் லோக்கல்:
இப்போது அந்த மாதிரி நடக்க முடியுமா வக்கீல் சார்?

சத்துவாச்சாரி வக்கீல்:
அதே மாதிரி முடியாது. 1978இல் 44ஆவது திருத்தம் வந்துவிட்டது. எந்த அவசரநிலையிலும் குற்ற வழக்கில் பாதுகாப்பும் உயிர், சுதந்திர உரிமையும் தரும் 20, 21ஆம் பிரிவுகளை முடக்க முடியாது. உள்நாட்டுக் குழப்பம் என்று காரணம் சொல்ல முடியாது, ஆயுதக் கிளர்ச்சி வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரு அவைகளும் மறுபடி ஒப்புதல் தர வேண்டும்.

ஆனால் 2025 மே மாதம் யாராவது அவசரநிலை அறிவித்தார்களா? இல்லை. தேவையே படவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ போதும். முடக்க உத்தரவை ரகசியமாக வைக்க விதியே இருக்கிறது, அதனால் முடக்கப்பட்டவருக்கே காரணம் தெரியாமல் போகலாம். இணையத்தை நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2020இல் அனுராதா பாசின் வழக்கில் சொன்னார்கள். தனிக் கணக்குகளுக்கு அந்த வெளிச்சம் இல்லை. மணல் தம்பி கேட்டாரே, எட்டாயிரத்தில் எத்தனை எந்த வகை என்று, அதைச் சொல்ல நம்மில் யாராலும் முடியாது. எனக்குக் கோபம் அதில்தான். பொய் வீடியோ பரப்பிய ஆயிரம் கணக்கை முடக்கியிருக்கலாம், கை தட்டுவேன். பட்டியலைக் காட்டட்டும்.

ஓய்வு சுபேதார்:
பட்டியலை அன்றைக்கே காட்டினால் எதிரிக்கும் காட்டியது போலத்தானே?

ஆரணிப் பட்டு:
அரக்கோணம் தம்பிக்கு நீங்களே சொன்னீர்களே ஐயா, வீடியோவை ஆறு மாதம் கழித்துப் போடு என்று. அரசுக்கும் அதே ஆறு மாதத்தைக் கொடுங்கள். கழித்துக் காட்டட்டும்.

முள்ளு கத்திரி:
டீச்சர் சுபேதாரைச் சுபேதாரை வைத்தே மடக்கிவிட்டார்.

ஓய்வு சுபேதார்:
சரி, ஆறு மாதம் கழித்துக் காட்டலாம். அதில் எனக்கு மறுப்பில்லை. போர் முடிந்த பிறகும் மூடி வைப்பது பயந்தவன் வேலை.

ஒரு நாள் பூராவும் இதை யோசித்தேன். பட்டாளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பணியில் அடிபட்டால் மெடிக்கல் போர்டு வைப்பார்கள். எத்தனை சதவீதம் ஊனம் என்று எழுதுவார்கள், அதற்கேற்ற ஊனமுற்றோர் பென்ஷன் வரும். "நாட்டுக்காகத்தானே அடிபட்டாய், பொறுத்துக்கொள்" என்று யாரும் அனுப்பிவிடுவதில்லை. அனுப்பினால் நாங்கள் கோர்ட்டுக்குப் போவோம், போயும் இருக்கிறோம். தேவ்லிக்குப் போன அந்தக் குடும்பங்களும் நாட்டுக்காகத்தான் ஒன்றை இழந்திருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமலே. அவர்களுக்கு எந்த போர்டு வைத்தார்கள்? போர் நேரத்தில் சந்தேகத்தில் ஒருவரைப் பிடிக்கும் அதிகாரம் அரசுக்கு வேண்டும், இதை நான் கடைசி வரைக்கும் சொல்வேன். பிடித்தது தப்பு என்றால் அவருக்கு எவ்வளவு, எத்தனை நாளில் என்பதும் அதே சட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். காசு கொடுக்க வேண்டி வரும் என்று தெரிந்தால் பிடிக்கிறவரும் கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை யோசிப்பார்.

வாணியம்பாடி தோல்மண்டி:
சுபேதார் சார், இதற்கு மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் "தப்பு" என்று யார் முடிவு செய்வது? பிடித்த துறையே என்றால் ஒருவருக்கும் ஒரு பைசா வராது.

சத்துவாச்சாரி வக்கீல்:
நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். இழப்பீடு கேட்க இப்போது வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1983இல் ருதுல் ஷா வழக்கில், விடுதலையான பிறகும் பதினான்கு வருடம் பீகார் சிறையில் கிடந்தவருக்கு உச்ச நீதிமன்றம் பணம் கொடுக்கச் சொன்னது. முப்பத்தைந்தாயிரம் ரூபாய், பதினான்கு வருடத்துக்கு. அது நீதிபதியின் மனதைப் பொறுத்தது. சுபேதார் சார் சொல்வது போல அட்டவணையோடு சட்டத்தில் இல்லை.

நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டும் என்றால் அதற்குக் காகிதம் வேண்டும். குடியாத்தம் அண்ணன் சொன்ன அதே ஏ.கே. கோபாலன், 1950இல் புதிய தடுப்புக்காவல் சட்டத்தை எதிர்த்துச் சென்னை மாகாணத்தின் மேல் வழக்குப் போட்டார். வழக்கில் தோற்றார். ஆனால் அந்தச் சட்டத்தில் 14ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஏன் பிடித்தோம் என்ற காரணத்தை நீதிமன்றத்திடம் சொல்வதே குற்றம் என்றது அது. அதை மட்டும் நீதிபதிகள் அடித்துவிட்டார்கள்.

அந்த மனுவை நான் எழுதித் தருகிறேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கோர்ட் வேலை இல்லை, சத்துவாச்சாரி பக்கம் வர முடிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு சுபேதார்:
சனிக்கிழமை எனக்கு கேன்டீன் நாள். நான்கு மணிக்கு மேல் வருகிறேன். பாயும் வரட்டும்.